ஒரு மாத அட்வான்ஸ், பத்து மாத அட்வான்ஸ்: சென்னை வாடகையும் எங்கூர் ஒத்தியும்

1960-ஆம் வருடத்து 18-ஆம் எண் சட்டம். தமிழ்நாடு கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று பெயர். இதன் 7-ஆம் பிரிவை வாசித்தால் சென்னையில் வாடகைக்குக் குடியிருந்த யாருக்கும் சிரிப்பு வரும். வீட்டுக்காரர் முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது அது. கூடுதலாக வாங்கியிருந்தால் திருப்பித் தரணும், இல்லை வாடகையில் கழிக்கணும். இந்தச் சட்டம் 2019 பிப்ரவரி வரை, அதாவது கிட்டத்தட்ட 59 வருடம் அமலில் இருந்தது. அந்த 59 வருடத்தில் எந்தத் தெருவில் ஒரு மாத அட்வான்சுக்கு வீடு கிடைத்தது? சென்னையில் பத்து மாசம் என்பது ஏதோ இயற்கை விதி மாதிரி. தரகர் சொல்லும்போது குரலில் ஒரு தயக்கம்கூட இருக்காது.

எங்க அக்கா மகனுக்குப் போன வருடம் ஓ.எம்.ஆர். பக்கம் வேலை கிடைத்தது. அவனுக்கு வீடு தேடிய நாட்களில்தான் இந்தச் சட்டங்களை வரிசையாக எடுத்து வாசித்தேன். அவன் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: "மாமா, அட்வான்ஸ் ஏன் பத்து மாசம்? யாரு முடிவு பண்ணது?" பதில் அவ்வளவு எளிமையாக இல்லை. திருச்சுழியில் ஆரம்பித்து கிளாஸ்கோ வரைக்கும் போக வேண்டியிருந்தது.

முதலில் எங்க ஊர்ப்பக்கம். பழைய இராமநாதபுரம் மாவட்டம், 1985-க்குப் பிறகு விருதுநகர் மாவட்டம். குண்டாற்றில் வருசத்தில் பெரும்பாலும் மணல்தான் ஓடும். கரிசல் காடு, கண்மாய்ப் பாசனம், மிச்ச இடமெல்லாம் சீமைக் கருவேலம், கரி மூட்டம். வெளியூருக்குப் போய்ப் பிழைப்பது இங்கே நேற்று ஆரம்பித்தது இல்லை. வெளியூருக்குப் போகிறவனுக்கு முதல் நாள் ராத்திரி வருகிற கேள்வி, எங்கே தலையைச் சாய்ப்பது என்பதுதான். அந்தக் கேள்விக்கு இந்த வறண்ட பூமி சொந்தமாகச் சில பதில்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தது.

ஒன்று, பேட்டை. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நாடார்கள் பற்றிய புத்தகத்தில் இது விரிவாக வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து வந்த நாடார் வணிகர்கள் ஆறு ஊர்களில் காலூன்றினார்கள். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை. இதில் கடைசி இரண்டும் எங்களுக்குப் பக்கத்து ஊர்கள். அன்றைக்கு அவர்கள் இந்த ஊர்களில் வந்தேறிகள், எண்ணிக்கையில் குறைவு, மற்ற சாதிகளோடு உரசல் வேறு. அதனால் சுற்றுச்சுவர் வைத்து ஒரு வளாகம் கட்டினார்கள். உள்ளே வண்டி நிற்கும், மாடு கட்டலாம், சரக்கை இறக்கலாம், ஆள் படுக்கலாம். செலவுக்கு மகமை. அதாவது வருகிற சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சின்ன வரி, எல்லாரும் கொடுக்கணும். உறவின்முறை அதை நிர்வகிக்கும். பின்னால் இந்த மகமைப் பணத்தில்தான் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. ஆனால் தொடக்கம், தங்குவதற்கு ஒரு பத்திரமான இடம்.

இன்னொன்று கிட்டங்கி. இதே பழைய மாவட்டத்தின் வடக்கு முனையில் இருந்த செட்டிநாட்டுக்காரர்கள் கடல் தாண்டி இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று போனார்கள். சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட், தமிழில் செட்டித் தெரு. நகரத்தின் நடு மையம், வாடகை அதிகமான இடம். அங்கே ஆளுக்கு ஒரு அலுவலகம், ஆளுக்கு ஒரு வீடு என்று எடுத்தால் வட்டித் தொழிலில் வரும் லாபம் முழுக்க வாடகைக்கே போய்விடும். ஆகவே நீளமான ஒரே கூடத்தை எடுத்து, பல கடைகள் சேர்ந்து இருந்தன. ஒவ்வொரு கடைக்கும் சுவரோரம் ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேஜை, ஒரு பாய். பகலில் அது அலுவலகம், ராத்திரி அதே இடத்தில் படுக்கை. சமையல் பொது. கடையில் கடைசி ஆளுக்குப் பெட்டியடிப் பையன் என்றே பெயர். இன்றைக்கு கோ-வொர்க்கிங், கோ-லிவிங் என்று இரண்டு தனித்தனித் தொழிலாக நடத்துகிறார்களே, இரண்டையும் ஒரே தரையில் நடத்திக் காட்டியவர்கள் அவர்கள்.

இரண்டையும் நான் புகழ்ந்து எழுதவில்லை. பேட்டைக்குள் யார் நுழையலாம் என்பது சாதியை வைத்துத்தான். உறவின்முறை இருந்தவனுக்குக் கூரை இருந்தது. காசும் இல்லாமல் உறவின்முறையும் இல்லாமல் எங்க ஊர்ப்பக்கத்திலிருந்து போன பள்ளர், பறையர், சக்கிலியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நகரத்தில் கால்வாய்க்கரையும் ரயில்வே ஓரமும்தான் மிச்சம். இன்றைக்கும் சென்னையில் வீடு பார்க்கப் போனால், சதுர அடி கணக்குக்கு முன்னாடி வருகிற கேள்வி "நீங்க என்ன ஆளுங்க?"தான். நேரடியாகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்று கேட்பார்கள். அதே கேள்விதான்.

சரி, நகரத்துக்கு வருவோம். வாடகையில் அரசாங்கம் தலையிடுவது முதல் உலகப் போரில் ஆரம்பித்தது. 1915-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் போர்த்தளவாடத் தொழிற்சாலைகளுக்கு ஆள் குவிந்தது, வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள், ஆண்கள் போர்முனையில். மேரி பார்பர் என்கிற பெண்மணி தலைமையில் வீட்டுப் பெண்கள் வாடகை கொடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வருடக் கடைசியிலேயே பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாடகையை உறைய வைத்துச் சட்டம் போட்டது. போர் முடிகிற சமயத்தில் அந்த யோசனை இந்தியாவுக்கும் வந்தது. பம்பாயில் 1918, கல்கத்தாவில் 1920.

சென்னையில் பிரச்சினை வேறு மாதிரி. இங்கே அப்போது தகராறு வீட்டு வாடகையைவிட அடிமனை வாடகையில். கோயில் நிலம், தனியார் தோட்டம், இதிலெல்லாம் ஜனங்கள் மனைக்கு மட்டும் வாடகை கொடுத்து, சொந்தச் செலவில் குடிசையோ ஓட்டு வீடோ கட்டிக்கொண்டு தலைமுறையாக இருந்தார்கள். நகரம் வளர்ந்து நிலத்துக்கு விலை ஏறியதும் சொந்தக்காரர்கள் காலி பண்ணச் சொன்னார்கள். கட்டினவன் கட்டடத்தைத் தலையில் தூக்கிக்கொண்டா போக முடியும்? அதற்காக வந்ததுதான் மதராஸ் நகரக் குடியிருப்பாளர் பாதுகாப்புச் சட்டம், 1921. காலி பண்ணச் சொன்னால் கட்டடத்துக்கு இழப்பீடு கொடுக்கணும். 9-ஆம் பிரிவு அதற்கும் ஒரு படி மேலே போய், குடியிருப்பவன் கோர்ட்டுக்குப் போய் அந்த மனையைத் தனக்கே விலைக்குத் தரச் சொல்லிக் கேட்கலாம் என்றது. நூறு வருடம் முந்திய சட்டத்துக்கு இது துணிச்சலான பிரிவு. (கோயில் நிலங்களை இந்தச் சட்டத்திலிருந்து 1996-இல் விலக்கிவிட்டார்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் இன்றும் நடக்கும் பல வழக்குகளுக்கு வேர் இங்கேதான். அதைத் தனியாக எழுதணும்.)

வீட்டு வாடகைக் கட்டுப்பாடு சென்னைக்கு வந்தது இரண்டாம் உலகப் போரில். 1941-இல், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஓர் ஆணை. அடுத்த வருடம் கடைகளுக்கும் குடோன்களுக்கும் இன்னொன்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டதும் சென்னை பாதி காலியானது. வேலை இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்று அரசாங்கமே சொல்லியது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெட்டி கட்டின. தெருத் தெருவாகப் பூட்டிய வீடுகள். வாடகையைக் கட்டுப்படுத்த ஆணை போட்ட மறு வருடமே வாடகைக்கு ஆள் இல்லாத நகரம்.

ஆனால் அது சில மாதக் கதை. போனவர்கள் திரும்பினார்கள். போர்க்கால வேலைகளுக்கு ஆள் வந்தது, பர்மாவிலிருந்து தப்பி வந்த அகதிகள் வந்தார்கள். 1941 மக்கள்தொகைக் கணக்கில் சென்னை 7.77 லட்சம். 1951-இல் 14.16 லட்சம். இடையில் நகர எல்லையும் விரிந்தது என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இது சாதாரண வளர்ச்சி இல்லை. போர்க்கால ஆணை 1946-இல் சட்டமானது. 1949-இல் திருத்தி எழுதினார்கள், 1960-இல் மறுபடி. தற்காலிகம் என்று வந்தது நிரந்தரமானது.

இந்தச் சட்டங்களில் என் கண்ணை உறுத்திய இடம் ஒன்று உண்டு. வீடு காலியானால் சொந்தக்காரர் சில நாட்களுக்குள் அரசுக்கு எழுத்தில் சொல்லணும். அக்காமடேஷன் கண்ட்ரோலர் என்று ஓர் அதிகாரி இருப்பார். அரசாங்கத்துக்கோ அரசு அதிகாரிக்கோ அந்த வீடு தேவை என்றால் அவர் எடுத்து ஒதுக்குவார். வேண்டாம் என்ற பிறகுதான் சொந்தக்காரர் வேறு ஆளுக்கு விடலாம். ஆக, வாடகை குறைவாக உறைந்திருந்த வீடுகளுக்கு முதல் வரிசை யாருக்கு? ஏற்கெனவே சம்பளமும் பதவியும் இருந்தவருக்கு. ஊரிலிருந்து தகரப் பெட்டியோடு எழும்பூரில் இறங்கினவன் அந்த வரிசையிலேயே இல்லை.

சட்டம் யாரைக் காப்பாற்றியது என்று நேராகக் கேட்டால், உள்ளே இருந்தவனை. 10-ஆம் பிரிவு காலி பண்ணச் சொல்வதற்கான காரணங்களை வரிசையாகச் சொல்லும்: வேண்டுமென்றே வாடகை பாக்கி வைப்பது, உள்வாடகைக்கு விடுவது, கட்டடத்தைச் சேதப்படுத்துவது, சொந்தக்காரருக்கே குடியிருக்கத் தேவைப்படுவது, இப்படி. இதில் ஒன்றை நிரூபிக்காமல் யாரையும் வெளியேற்ற முடியாது. நிரூபிக்கக் கோர்ட்டுக்குப் போனால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி, அப்பீல், ஹைகோர்ட் ரிவிஷன். பிள்ளை பிறக்கும்போது போட்ட வழக்கு அவன் கல்யாணத்துக்கு முடியும். நியாய வாடகை நிர்ணயம் என்று 4-ஆம் பிரிவு இருந்தது. நிலம், கட்டடத்தின் மொத்த மதிப்பில் குடியிருப்புக்கு வருடம் 9 சதவீதம், கடைக்கு 12 சதவீதம். கேட்க நன்றாக இருக்கும். அதற்கும் வழக்குதான் போடணும்.

இதற்கு வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? நான் வீட்டுக்காரனாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். உள்ளே விட்டால் வெளியே அனுப்புவது கஷ்டம் என்றால், வாசலிலேயே வடிகட்டுவேன். சாதி பார்ப்பேன், வேலை பார்ப்பேன், பேச்சிலர் வேண்டாம் என்பேன், பெரிய தொகையைப் பிடித்து வைத்துக்கொள்வேன். பத்து மாத அட்வான்ஸ் என்பது என் கணிப்பில், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு கையால் கொடுத்ததை வாசலில் நின்று மறு கையால் திரும்ப வாங்கியது. சட்டம் உள்ளே இருந்தவனுக்குக் கொடுத்த பாதுகாப்புக்கு வெளியே நின்றவன் காசு கட்டினான்.

கோர்ட்டுகளுக்கு இது தெரியாமல் இல்லை. 1989-இல் மாடர்ன் ஹோட்டல், கூடூர் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் அனுமதித்ததற்கு மேல் வாங்கிய முன்பணம் சொந்தக்காரர் கையில் இருக்கும்போது குடியிருப்பவர் வாடகை பாக்கி என்று சொல்ல முடியாது என்றது. ஆந்திரச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. ஆனால் அந்தச் சட்டமும் 1960, நம்முடையதற்குக் கூடப்பிறந்தது மாதிரி. அதற்கு மூன்று வருடம் முந்தி, 1986-இல் ரத்தன் ஆர்யா வழக்கு. மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை இருக்கும் குடியிருப்புகளுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்றிருந்த பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கியது. 1973-இல் 400 ரூபாய் கொடுத்தவன் வசதிக்காரன், 1986-இல் அது சாதாரண வீட்டு வாடகை என்பதுதான் வாதத்தின் சாரம். விலைவாசி சட்டப் பிரிவை எப்படித் தின்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. புதுசாகக் கட்டிய வீட்டுக்கு முதல் ஐந்து வருடம் சட்டமே பொருந்தாது என்று இன்னொரு பிரிவும் இருந்தது. புதுசாக வருகிறவனுக்குப் பெரும்பாலும் கிடைப்பதே புதுக் கட்டடம்தான்!

பதினொரு மாத அக்ரிமெண்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கேட்பார்கள். 1908 பதிவுச் சட்டத்தின்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யணும். பதிவுக் கட்டணம், முத்திரைத் தாள், அலைச்சல் எல்லாம் மிச்சம் என்று பதினொன்றில் நிறுத்தினார்கள். பதினோராவது மாதம் முடிந்தால் வெளியேற்றிவிடலாம் என்ற நம்பிக்கையும் வீட்டுக்காரர்களுக்கு இருந்தது. பழைய சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும் வரை அவன் குடியிருப்பாளன்தான்.

இப்போது எங்க ஊர் ஒத்திக்கு வருகிறேன். அட்வான்ஸ் புரிய வேண்டுமென்றால் ஒத்தி புரியணும். மதுரை, அருப்புக்கோட்டை பக்கம் "வீடு வாடகைக்கா, ஒத்திக்கா?" என்றுதான் கேட்பார்கள். சென்னையில் போக்கியம், லீஸ் என்பார்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டுக் குடியேறலாம், மாத வாடகை கிடையாது. இரண்டு மூன்று வருடம் கழித்துக் கொடுத்த தொகை அப்படியே திரும்பும். வட்டிக்குப் பதில் வீடு, வாடகைக்குப் பதில் வட்டி. சொத்து மாற்றுச் சட்டத்தில் இதைச் சுவாதீன அடமானத்தின் வகையில் சேர்ப்பார்கள். நிலத்துக்கும் இதே பேச்சுதான், நாலு ஏக்கர் ஒத்திக்குப் போட்டு மகள் கல்யாணம் முடித்தேன் என்பார்கள். தென் கொரியாவில் ஜொன்சே என்று இதே ஏற்பாடு இருக்கிறது. வீட்டு மதிப்பில் பாதிக்கு மேல்கூட முன்பணம், மாத வாடகை இல்லை. அங்கே ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்த நண்பனிடம் "இது ஒத்திடா" என்று சொன்னேன், அவனுக்கு ஒத்தி தெரியவில்லை. கோயம்புத்தூர்க்காரன்.

சென்னை அட்வான்ஸ் என்பது சில்லறை ஒத்தி. முழு ஒத்தியில் தொகை பெரிசு, வாடகை பூஜ்யம். அட்வான்சில் தொகை கொஞ்சம், வாடகை மிச்சம். இரண்டிலும் குடியிருப்பவன் வீட்டுக்காரருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறான். கணக்குப் போட்டுப் பார்ப்போம், தொழில் புத்தி போகாது. மாதம் 15,000 ரூபாய் வாடகை, பத்து மாத அட்வான்ஸ் 1,50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேங்கில் 7 சதவீதத்துக்குப் போட்டு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுக்கிறவனுக்கு வருட நட்டம் 10,500, மாதம் 875. அவனுக்கு அந்த வீடு 15,875 ரூபாய். எங்க ஊர்ப் பையன் கையில் ஒன்றரை லட்சம் இருக்காது. அப்பா யாரிடமாவது இரண்டு வட்டிக்கு வாங்குவார். இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 3,000. அவனுக்கு அதே வீடு, அதே தண்ணி வராத குழாய், 18,000 ரூபாய். தரகர் கமிஷன் ஒரு மாத வாடகை இதில் சேரவில்லை. காலி பண்ணும்போது பெயிண்ட் என்று ஒரு மாதம் பிடிப்பார்கள், அதுவும் சேரவில்லை.

நான் 2002-இல் சென்னை போனபோது இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் கணக்கு என்னைத் தானாகவே திருவல்லிக்கேணி மேன்ஷனில் கொண்டுபோய் விட்டது. பத்துக்குப் பத்து அறை, மூன்று கட்டில், பொதுக் குளியலறை, சாப்பாடு கீழே மெஸ்சில். என் அறையில் ஒருத்தன் நரிக்குடிக்காரன், இன்னொருத்தன் சாயல்குடி. அட்வான்ஸ் ஒரு மாதம். 7-ஆம் பிரிவைக் கடைப்பிடித்த ஒரே இடம் அதுதானோ என்று இப்போது தோன்றுகிறது, அந்த மேனேஜர் சட்டத்தைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். மேன்ஷனில் சாதி கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்யணும். பேட்டையும் கிட்டங்கியும் கொடுக்காத ஒன்றை அது கொடுத்தது. பெண்களுக்கு அந்தக் கதவு கிடையாது. கூட வேலை பார்த்த பெண்கள் லேடீஸ் ஹாஸ்டலில் இரவு எட்டு மணிக் கெடுவுக்கு ஓடினார்கள்.

எங்க பக்கத்திலிருந்து போனவர்களில் இன்ஜினியர் கொஞ்சம் பேர்தான். மளிகைக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் போனவர்கள் அதிகம். மளிகைக் கடைப் பையனுக்குக் கடைப் பரணே படுக்கை. தி.நகர் ஜவுளிக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் பலருக்கு முதலாளி எடுத்துக் கொடுத்த விடுதி. வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை. ஆனால் வேலையை விட்டால் அன்றைக்கே கூரையும் போகும். அந்தப் பயத்துக்கு மாதம் எவ்வளவு என்று என் கணக்கில் போட முடியவில்லை. கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார நாற்காலி வேணும் என்பதற்கே 2021-இல்தான் சட்டத் திருத்தம் வந்தது.

பழைய சட்டம் நகராட்சிகளுக்கும் பொருந்தும், ஆகவே அருப்புக்கோட்டை வரைக்கும் வந்தது. அங்கேயிருந்து 15 கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் திருச்சுழிக்குத் தானாக வராது. தேவையும் இருந்ததாகத் தெரியவில்லை. ரமணர் பிறந்த வீடு எங்க ஊரில் இருக்கிறது. அவருடைய அப்பா சுந்தரமய்யர் வக்கீல் தொழில் பார்த்தவர். ஊருக்கு வரும் முகம் தெரியாதவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அந்த வீட்டில் இடம் இருந்தது என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அது 1880-கள். சின்ன ஊர், போகிறவர்கள் அதிகம், வருகிறவர்கள் குறைவு. அங்கே இது நடக்கும்.

கடைசியாக இப்போதைய சட்டம். 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் அமல். பழைய 1960 சட்டம் போயிற்று. இனி எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும், அதற்கு ஓர் இணையதளம் இருக்கிறது. வாடகை எவ்வளவு என்பது இரண்டு பேரும் பேசி முடிவு செய்வது, நியாய வாடகை நிர்ணயம் கிடையாது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் காலி பண்ணணும். அதாவது வீட்டுக்காரர்கள் 59 வருடமாகச் சொன்ன குறை பெருமளவு தீர்ந்துவிட்டது. அப்படியென்றால் அந்தக் குறைக்கு ஈடாக வாங்கிய அட்வான்சும் குறைந்திருக்கணும் அல்லவா? மூன்று மாத வாடகை என்று சட்டம் சொல்கிறது. கூடவே, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் என்றும் சொல்கிறது. அந்த ஒரு வாசகத்தில் வண்டியே போகலாம்.

அக்கா மகனுக்குக் காரப்பாக்கத்தில் வீடு கிடைத்தது, மூன்று பையன்கள் சேர்ந்து. பத்து கேட்டார்கள், மூன்றாம் நாள் பேச்சில் ஆறுக்கு இறங்கினார்கள். சட்டப் பிரிவையெல்லாம் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தான். வெளியே எடுக்கவில்லை, எடுத்தால் வீடு கிடைக்காது என்று தரகர் முன்னாடியே சொல்லிவிட்டாராம். ஒப்பந்தம் பதினொரு மாதம். இணையதளத்தில் பதிவு செய்யலாமா என்று கேட்டதற்கு வீட்டுக்காரர், "அதெல்லாம் எதுக்கு தம்பி, நமக்குள்ள" என்றாராம். நான் பதிவு பண்ணாமல் விடாதே என்று சொல்லியிருக்கிறேன்.